மரம் நட்டா போதுமா? ‘பசுமை வளாகம்’ என்றால் என்ன? புதுக்கோட்டையில் அரசு பல்கலைக்கழகங்கள் செய்வது என்ன? முழு விளக்கம்

ஜூன் 5 வந்தால் போதும். கல்லூரி வாசலில் ஒரு குழி, ஒரு மரக்கன்று, சுற்றிலும் பத்துப் பதினைந்து பேர், ஒரு போட்டோ. அடுத்த சித்திரையில் அதே இடத்துக்குப் போய்ப் பாருங்க. பல இடங்களில் குழி மட்டும்தான் மிஞ்சியிருக்கும்.

இதைத்தான் ‘பசுமை வளாகம்’ என்று சொல்கிறார்களா? அரசு பல்கலைக்கழகங்களும் அவற்றின் கல்லூரிகளும் சுற்றுச்சூழலுக்காக என்னென்ன செய்யணும்? அதை யார் அளக்கிறாங்க? ஆண்டு முழுக்கத் தண்ணீர் ஓடும் ஆறு ஒன்றுகூட இல்லாத புதுக்கோட்டை மாவட்டத்தில் இதனால் யாருக்கு என்ன பயன்? இந்தத் தொகுப்பில் ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

சுருக்கமாக:

• பசுமை வளாகம் என்றால் தண்ணீர், மின்சாரம், குப்பை, மரம், போக்குவரத்து என ஐந்துக்கும் கணக்கு வைப்பது.

• கல்லூரிகளின் தர மதிப்பீட்டில் இதற்குத் தனி மதிப்பெண் உண்டு. அதனால்தான் ‘பசுமைத் தணிக்கை’ என்ற சொல் இப்போது அடிக்கடி காதில் விழுகிறது.

• புதுக்கோட்டையைப் பொறுத்தவரை, ஒரு அரசு பல்கலைக்கழகத்தின் பெரிய சுற்றுச்சூழல் பங்களிப்பு வளாகத்துக்குள் இல்லை. அது விவசாயிகளின் வயலில் இருக்கிறது. பேர்: வம்பன் உளுந்து.

• உங்கள் கல்லூரி என்ன செய்கிறது என்று கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு. எப்படி என்பது கடைசியில்.

புதுக்கோட்டைக்கு எந்தப் பல்கலைக்கழகம்?

மாவட்டத்தின் கலை, அறிவியல் கல்லூரிகள் திருச்சியைத் தலைமையிடமாகக் கொண்ட பாரதிதாசன் பல்கலைக்கழகத்தின் கீழ் வருகின்றன. 1982-ல் தொடங்கப்பட்ட இந்தப் பல்கலைக்கழகத்தின் வளாகமே திருச்சி–புதுக்கோட்டை சாலையில்தான் இருக்கிறது. பஸ்ஸில் போகும்போது பார்த்திருப்பீங்க. மன்னர் ஆட்சிக் காலத்திலேயே தொடங்கப்பட்ட புதுக்கோட்டை மன்னர் கல்லூரி, அரசு மகளிர் கலைக் கல்லூரி எல்லாம் இதனுடன் இணைந்தவை.

இன்னொன்று, கோவையைத் தலைமையிடமாகக் கொண்ட தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம். 1971-ல் பல்கலைக்கழகமானது. புதுக்கோட்டையில் இதற்கு இரண்டு முக்கியமான இடங்கள் இருக்கின்றன. ஒன்று, ஆலங்குடி பக்கம் வம்பனில் உள்ள தேசிய பயறுவகை ஆராய்ச்சி மையம். மற்றொன்று, அன்னவாசல் அருகே குடுமியான்மலையில் 2014-ல் தொடங்கப்பட்ட வேளாண்மைக் கல்லூரி மற்றும் ஆராய்ச்சி நிலையம். இசைக் கல்வெட்டுக்குப் பேர்போன அதே குடுமியான்மலைதான்.

கல்லூரிகள் இதையெல்லாம் ஏன் செய்யணும்?

இதன் தொடக்கம் ஒரு கோர்ட் உத்தரவு. வழக்கறிஞர் எம்.சி. மேத்தா தொடர்ந்த வழக்கில், சுற்றுச்சூழலைப் பள்ளி முதல் கல்லூரி வரை பாடமாக்க வேண்டும் என்று 1991-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. பத்து வருஷத்துக்கு மேலாகியும் முழுசாக நடக்கவில்லை. 2003-ல் நீதிமன்றம் மறுபடியும் கண்டிப்பு காட்டியது. அதற்குப் பிறகுதான் இளங்கலை படிக்கும் எல்லாருக்கும் ‘சுற்றுச்சூழல் கல்வி’ கட்டாயப் பாடமானது. தமிழ் படித்தாலும் சரி, பி.காம். படித்தாலும் சரி, இந்தப் பேப்பரை எழுதித்தான் வெளியே வந்திருப்பீங்க.

அடுத்த கட்டம் பாடத்தைத் தாண்டி வளாகத்துக்கு வந்தது. சுற்றுச்சூழலுக்கு இணக்கமான வளாகம் எப்படி இருக்கணும் என்று பல்கலைக்கழக மானியக் குழு, அதாவது யு.ஜி.சி., ‘சதத்’ என்ற பெயரில் 2019–20 காலகட்டத்தில் ஒரு வழிகாட்டி வெளியிட்டது.

ஆனால் கல்லூரிகளை உண்மையில் அசைத்தது மதிப்பெண்தான். கல்லூரிகளுக்குத் தர அங்கீகாரம் தரும் ‘நாக்’ அமைப்பு ஏழு அளவுகோல்களை வைத்து மதிப்பிட்டு வந்தது. அதில் ஏழாவது அளவுகோலில் சூரிய மின்சாரம், மழைநீர் சேகரிப்பு, கழிவு மேலாண்மை, பிளாஸ்டிக் தடை, வாகனக் கட்டுப்பாடு, பசுமைத் தணிக்கை எல்லாம் வருகின்றன. நாக் கிரேடு நல்லா இருந்தால் கல்லூரிக்குப் பேரும் வரும், நிதி கேட்கவும் வசதி. கிரேடு வேணும் என்றால் இதையெல்லாம் செஞ்சு காட்டணும்.

உலக அளவிலும் இப்படி ஒரு போட்டி உண்டு. இந்தோனேசியா பல்கலைக்கழகம் 2010-ல் தொடங்கிய ‘கிரீன்மெட்ரிக்’ தரவரிசை, உலகம் முழுவதும் உள்ள பல்கலைக்கழகங்களை ‘எவ்வளவு பசுமை’ என்று வரிசைப்படுத்துகிறது.

பசுமைத் தணிக்கை என்றால் என்ன?

வீட்டில் மாதக் கடைசியில் செலவுக் கணக்கு பார்ப்போம் இல்லையா? அதேதான். ஆனால் இது பணத்துக்குப் பதில் இயற்கை வளத்துக்கான கணக்கு.

• தண்ணீர்: ஒரு நாளைக்கு எத்தனை லிட்டர் எடுக்கிறோம்? போர்வெல்லா, குடிநீர் இணைப்பா, டேங்கர் லாரியா? கழிவுநீர் எங்கே போகிறது?

• மின்சாரம்: மாதம் எத்தனை யூனிட்? பழைய குண்டு பல்பும் பழைய ஃபேனும் எத்தனை? சூரிய மின்சாரம் எவ்வளவு?

• குப்பை: மட்கும் குப்பை, மட்காத குப்பை, பழைய கம்ப்யூட்டர், ஆய்வகக் கழிவு. ஒவ்வொன்றும் எங்கே போய்ச் சேருகிறது?

• மரமும் உயிர்களும்: எத்தனை மரம், என்ன இனம்? பறவை, பட்டாம்பூச்சி கணக்கு உண்டா?

• போக்குவரத்து: எத்தனை பேர் பஸ், எத்தனை பேர் பைக், எத்தனை பேர் சைக்கிள்?

பொதுவாக வெளியிலிருந்து ஒரு தணிக்கை நிறுவனம் வந்து பார்த்து, அறிக்கையும் சான்றிதழும் தரும். அறிக்கையில் ‘எதைக் குறைக்கலாம், எப்படி’ என்ற பரிந்துரைகள் இருக்கும். உண்மையில் முக்கியமானது அந்தப் பக்கம்தான். சான்றிதழை ஃபிரேம் போட்டு மாட்டிவிட்டு அந்தப் பக்கத்தைத் திறக்காமலே விட்டால், தணிக்கை செய்தும் செய்யாதது மாதிரிதான்.

புதுக்கோட்டைக்கு முதல் கேள்வி: தண்ணீர்

வெள்ளாறு, அக்கினியாறு, அம்புலியாறு எல்லாமே மழை பெய்தால் ஓடும் ஆறுகள். கல்லணைக் கால்வாயின் கடைமடை அறந்தாங்கி பக்கம் வரை வந்தாலும், மாவட்டத்தின் பெரும்பகுதி நம்பியிருப்பது ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட குளங்களையும் கண்மாய்களையும்தான். மழையைத் தேக்கி வைத்து வருஷத்தை ஓட்டும் ஊர் இது. அப்படிப்பட்ட ஊரில் ஒரு கல்லூரி பசுமையானதா என்று பார்க்க, முதலில் மொட்டை மாடியைத்தான் பார்க்கணும்.

ஒரு சின்ன கணக்கு போடுவோம். கல்லூரிக் கட்டடத்தின் மாடிப் பரப்பு 1,000 சதுர மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். ஆண்டு மழை 800 மில்லிமீட்டர் என்று வைத்தால், அந்த மாடியில் மட்டும் விழும் தண்ணீர் 8 லட்சம் லிட்டர். ஆவியாவது, வழிந்து வீணாவது என்று ஐந்தில் ஒரு பங்கைக் கழித்தாலும் 6,40,000 லிட்டர் கைக்கு வரும். 10,000 லிட்டர் டேங்கர் லாரியில் சொன்னால் 64 லோடு. ஒரே ஒரு கட்டடத்துக்கு இவ்வளவு!

தமிழ்நாட்டில் கட்டடங்களுக்கு மழைநீர் சேகரிப்பு 2003-லேயே கட்டாயமாக்கப்பட்டுவிட்டது. அதனால் பைப் இல்லாத கல்லூரிக் கட்டடம் அரிது. ஆனால் அந்த பைப் குழியில் முடிகிறதா, சாக்கடையில் முடிகிறதா? குழியில் உள்ள கூழாங்கல்லையும் மணலையும் கடைசியாக எப்போது எடுத்துக் கழுவினாங்க? வண்டல் அடைத்த குழிக்குள் ஒரு சொட்டுகூட இறங்காது. ஐப்பசிக்கு முன்னாடி ஒரு நாள் வேலை அது. அந்த ஒரு நாளில்தான் 64 லோடும் அடங்கியிருக்கு.

மரம் நடுவதில் என்ன தப்பு?

தப்பே இல்லை. ஆனால் எப்போது, எந்த மரம் என்பதில் விஷயம் இருக்கு.

உலகச் சுற்றுச்சூழல் தினம் ஜூன் 5-ல் வருவதற்குக் காரணம், 1972-ல் சுவீடனின் ஸ்டாக்ஹோம் நகரில் ஐ.நா. மாநாடு அந்த நாளில் தொடங்கியதுதான். ஸ்டாக்ஹோமுக்கு அது இதமான கோடை. புதுக்கோட்டைக்கு அது வெயிலும் காற்றும் சேர்ந்து மண்ணைக் காய வைக்கும் நேரம். இங்கே பெருமழை வடகிழக்குப் பருவமழை. அக்டோபர் முதல் டிசம்பர் வரை. புரட்டாசிக் கடைசி, ஐப்பசி தொடக்கத்தில் நட்டால் கன்று மழையிலேயே வேர் பிடிக்கும். ஜூன் 5-ல்தான் நடணும் என்றால், மழை வரும் வரை குடம் தூக்க ஆள் இருக்கணும். அவ்வளவுதான்.

அடுத்து, எந்த மரம்? இந்த மாவட்டத்துக்கு இது சும்மா கேள்வி இல்லை. வனத் தோட்டக் கழக நிலங்களில் பெரிய அளவில் வளர்க்கப்பட்ட தைல மரங்களால் நிலத்தடி நீர் குறைகிறது, குளங்களுக்கு வரும் மழைநீர் தடைபடுகிறது என்று புதுக்கோட்டை விவசாயிகள் பல ஆண்டுகளாகக் குரல் கொடுக்கிறாங்க. இன்னொரு பக்கம் சீமைக்கருவேலம். ஆகவே ‘பச்சையா இருக்கு’ என்பது மட்டும் போதாது. வேம்பு, புங்கன், இலுப்பை, நாவல், வாகை, பனை என இந்த மண்ணுக்குப் பழகிய மரங்களைக் கலந்து நடுவதுதான் பாதுகாப்பு.

2018 நவம்பர் 16-ம் தேதி கஜா புயல் வந்தபோது ஆலங்குடி, கீரமங்கலம், வடகாடு பக்கமெல்லாம் தென்னையும் பலாவும் ஒரே இரவில் சாய்ந்ததை இங்கே யாரும் மறக்க மாட்டாங்க. ஒரு மரம் நிழல் தருவதற்கு எத்தனை வருஷம் ஆகும் என்பதை அந்தப் புயலுக்கு அடுத்த கோடை சொல்லிக் கொடுத்தது. அதனால் ‘எத்தனை கன்று நட்டோம்’ என்ற எண்ணிக்கையைவிட ‘மூன்று வருஷம் கழித்து எத்தனை நிற்குது’ என்ற எண்ணிக்கைதான் உண்மையான கணக்கு.

மின்சாரமும் குப்பையும்

சூரிய மின்சாரத்துக்குக் கல்லூரிதான் பொருத்தமான இடம். வெயில் அடிக்கும் நேரத்தில்தான் வகுப்பும் நடக்குது. தமிழ்நாட்டில் 1 கிலோவாட் திறன் கொண்ட பேனல் சராசரியாக ஒரு நாளைக்கு 4 யூனிட் தரும். அதற்கு சுமார் 100 சதுர அடி மாடி போதும். 50 கிலோவாட் போட்டால் நாளுக்கு 200 யூனிட். ஆனால் பேனலில் படியும் தூசியைத் துடைக்க ஆள் வேணும். இல்லையென்றால் உற்பத்தி குறைந்துகொண்டே போகும்.

குப்பையில், ஒருமுறை பயன்படுத்தித் தூக்கிப் போடும் 14 வகை பிளாஸ்டிக் பொருட்களுக்குத் தமிழ்நாடு 2019 ஜனவரி 1 முதல் தடை விதித்தது. 2021 டிசம்பரில் ‘மீண்டும் மஞ்சப்பை’ இயக்கம் வந்தது. ஒரு நாளைக்கு 100 கிலோவுக்கு மேல் குப்பை சேரும் கல்வி நிறுவனங்களையும் விடுதிகளையும் ‘மொத்தக் கழிவு உற்பத்தியாளர்’ என்று 2016 திடக்கழிவு மேலாண்மை விதிகள் வரையறுத்தன. அதாவது குப்பையைப் பிரிப்பதும், மட்கும் குப்பையை முடிந்தவரை வளாகத்துக்குள்ளேயே உரமாக்குவதும் அவங்க பொறுப்பு. ஹாஸ்டல் இருக்கும் கல்லூரி என்றால், மெஸ் மிச்சம் எங்கே போகுது என்று பார்த்தாலே பாதி பதில் கிடைச்சிடும்.

சுவருக்கு வெளியே: வம்பன் கதை

இதுவரை பார்த்தது எல்லாம் காம்பவுண்ட் சுவருக்குள். ஒரு பல்கலைக்கழகம் தன் வளாகத்தில் சேமிக்கும் தண்ணீர் சில லட்சம் லிட்டர். அதே பல்கலைக்கழகம் ஒரு விதையை மாற்றினால்?

புதுக்கோட்டை விவசாயிகளிடம் ‘உளுந்து என்ன ரகம்?’ என்று கேட்டால் ‘வம்பன் எட்டு’, ‘வம்பன் பதினொண்ணு’ என்று பதில் வரும். தமிழ்நாட்டின் பல மாவட்டங்களிலும் இதே பதில்தான். 1980-கள் முதல் வம்பன் மையத்தில் உருவான உளுந்து, பாசிப்பயறு, துவரை, தட்டைப்பயறு ரகங்கள் எல்லாம் அந்த ஊர்ப் பெயரோடுதான் வெளியே போகின்றன. ஒரு சின்ன கிராமத்தின் பெயர் இத்தனை விதைப் பைகளில் அச்சாவது சாதாரண விஷயம் இல்லை.

இது எப்படி சுற்றுச்சூழல் வேலை ஆகும்? நாலு காரணம்.

ஒன்று, தண்ணீர். நெல்லுக்கு ஒரு போகத்துக்குச் சுமார் 1,200 மில்லிமீட்டர் தண்ணீர் தேவை என்று பொதுவாகச் சொல்வாங்க. உளுந்துக்கு 300 மில்லிமீட்டருக்குள் முடிந்துவிடும். நாலில் ஒரு பங்கு. மானாவாரி நிலத்தில் ஆடிப் பட்டத்திலோ புரட்டாசிப் பட்டத்திலோ விதைத்து, மழையை வைத்தே எடுத்துவிடலாம்.

இரண்டு, நாள். இந்த உளுந்து ரகங்கள் பெரும்பாலும் 65 முதல் 75 நாளுக்குள் அறுவடைக்கு வந்துவிடும். மழை நின்று போவதற்குள் பயிர் முடிந்துவிட்டால் போர்வெல் மோட்டாரைப் போட வேண்டியதில்லை.

மூன்று, உரம். பயறு வகைச் செடியைப் பிடுங்கிப் பார்த்தால் வேரில் சின்னச் சின்ன முடிச்சுகள் தெரியும். அதில் ரைசோபியம் என்ற பாக்டீரியா குடியிருக்கு. காற்றில் உள்ள தழைச்சத்தைப் பிடித்துச் செடிக்குக் கொடுப்பது அதன் வேலை. அறுவடைக்குப் பிறகு மிச்சம் மண்ணிலேயே தங்கும். அடுத்த பயிருக்கு யூரியா கொஞ்சம் குறையும். விதையோடு ரைசோபியம் உயிர் உரத்தைக் கலந்து விதைக்கச் சொல்வது இதற்காகத்தான்.

நான்கு, மருந்து. உளுந்துக்குப் பெரிய எதிரி மஞ்சள் தேமல் நோய். வெள்ளை ஈ பரப்பும் வைரஸ் அது. இலை மஞ்சளாகி, காய் பிடிக்காமல் போய்விடும். நோய் வந்த பிறகு குணப்படுத்த மருந்து கிடையாது. வெள்ளை ஈயைக் கொல்லத்தான் பூச்சிமருந்து அடிப்பாங்க. நோயைத் தாங்கும் ரகத்தை விதைத்தால் அந்தச் செலவும் குறையும், வயலில் இறங்கும் நஞ்சும் குறையும். வம்பன் 8 போன்ற ரகங்கள் பேர் வாங்கியது இதனால்தான். காய்கள் ஒரே நேரத்தில் முற்றுவதால் இயந்திர அறுவடைக்கும் வசதி.

இதில் நம்ம சமையலறைக்கும் பங்கு இருக்கு. உலகத்திலேயே அதிகமாகப் பருப்பு விளைவிப்பதும், சாப்பிடுவதும், இறக்குமதி செய்வதும் இந்தியாதான். உளுந்து பெரும்பாலும் மியான்மரிலிருந்து கப்பலில் வருது. அங்கே விளைச்சல் குறைந்தால் இங்கே இட்லி மாவு விலை ஏறும்.

ஒரு விஷயம் கவனத்தில் வச்சுக்கோங்க. ஆராய்ச்சி மையத்தில் உருவாகும் ‘வல்லுநர் விதை’ நேரடியாக எல்லா விவசாயிக்கும் போய்ச் சேராது. அதிலிருந்து ‘ஆதார விதை’, அதிலிருந்து ‘சான்று விதை’ என்று பெருக்கித்தான் வெளியே வரும். சான்று விதைப் பையில் நீல நிற அட்டை இருக்கும், ஆதார விதைக்கு வெள்ளை. விதைப்பு நேரத்தில் இந்தச் சங்கிலி எங்காவது அறுந்தால், ரகம் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் வயலுக்கு வராது.

குடுமியான்மலை மாணவர்கள்

வேளாண் இளங்கலை மாணவர்கள் இறுதி ஆண்டில் கிராமத்தில் தங்கி, விவசாயிகளோடு வேலை செய்யணும். இது பாடத்திட்டத்திலேயே உண்டு. ‘வேளாண் கல்லூரி மாணவிகள் செயல்விளக்கம்’ என்று செய்தியில் படிப்பீங்களே, அது இதுதான். விதை நேர்த்தி, உயிர் உரம், மண் பரிசோதனை எல்லாம் வகுப்பறையிலிருந்து வரப்புக்கு வருவது இந்த வழியில். வம்பனில் உள்ள வேளாண் அறிவியல் நிலையமும் விவசாயிகளுக்குப் பயிற்சி தருது. மாணவர்களுக்கும் இது ஒருவழிப் பாடம் இல்லை. புத்தகத்தில் இருக்கும் ‘நீர் மேலாண்மை’யை அவங்க முதன்முதலாகப் பார்ப்பது ஏதாவது ஒரு கண்மாய் மடையில்தான்.

அப்போ குறை எங்கே?

முதல் குறை, அளக்கும் முறை. ‘மழைநீர் சேகரிப்பு உள்ளதா?’ என்று கேட்டால் ‘உள்ளது’ என்று டிக் அடித்து ஒரு போட்டோ இணைத்தால் முடிந்தது. அது வேலை செய்கிறதா, எத்தனை லிட்டர் இறங்கியது என்று கேட்டால்தான் உண்மை வெளியே வரும்.

இரண்டாவது, பணம். மாநிலப் பல்கலைக்கழகங்கள் சில, சம்பளத்துக்கும் ஓய்வூதியத்துக்குமே திணறுகின்றன. புதுசாக ஒன்றைக் கட்ட ஏதாவது திட்ட நிதி கிடைக்கும். கட்டியதைப் பராமரிக்க நிதி கிடைப்பதுதான் கஷ்டம். பேனல் துடைப்பதும், குழி தூர்வாருவதும் திறப்பு விழா இல்லாத வேலைகள்.

மூன்றாவது, தொடர்ச்சி. ஆர்வமுள்ள ஒரு பேராசிரியர் இருந்தால் நடக்கும், அவர் ஓய்வு பெற்றாலோ மாறுதலாகிப் போனாலோ நின்றுவிடும். மாணவர்கள் மூன்று வருஷத்தில் கிளம்பிவிடுவாங்க. மரத்துக்கு அது போதாது.

நீங்க என்ன கேட்கலாம்?

கல்லூரி இணையதளத்தில் ‘ஐ.க்யூ.ஏ.சி.’ என்ற உள்தர உறுதிப் பிரிவின் பக்கத்தைத் திறங்க. நாக் அமைப்புக்கு அனுப்பும் அறிக்கைகளும், பசுமைத் தணிக்கை அறிக்கையும் பெரும்பாலும் அங்கேயே இருக்கும். படிக்கும்போது இந்த 5 கேள்விகளை மனதில் வையுங்க:

1. கடந்த ஆண்டு தணிக்கை சொன்ன பரிந்துரைகளில் எத்தனை நிறைவேறியது?

2. மழைநீர் சேகரிப்புக் குழிகள் கடைசியாக எப்போது சுத்தம் செய்யப்பட்டன?

3. மூன்று ஆண்டுக்கு முன் நட்ட கன்றுகளில் இப்போது எத்தனை உயிரோடு இருக்கின்றன?

4. மின் கட்டண யூனிட் கூடுதா, குறையுதா?

5. பழைய கம்ப்யூட்டரும் பேட்டரியும் யாரிடம் ஒப்படைக்கப்பட்டன?

பதில் அங்கே இல்லையா? அரசு கல்லூரிகளும் பல்கலைக்கழகங்களும் 2005 தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் வருபவை. பொதுத் தகவல் அலுவலருக்கு ஒரு வெள்ளைத் தாளில் எழுதி, 10 ரூபாய் கட்டணத்துடன் அனுப்பினால் போதும். 30 நாளுக்குள் பதில் தரணும். பதில் வராவிட்டால் மேல்முறையீடு செய்யலாம். ஒரு டிப்ஸ்: ‘ஏன் செய்யவில்லை?’ என்று கேட்காதீங்க. ‘இந்தத் தேதி முதல் இந்தத் தேதி வரை உள்ள ஆவணத்தின் நகல் வேண்டும்’ என்று கேளுங்க. அப்போதுதான் தட்டிக்கழிக்க முடியாத பதில் கிடைக்கும்.

வம்பன் விதைக்கு ஒரு நல்ல குணம் இருக்கு. 70 நாளில் காய்க்கலைன்னா விவசாயி அடுத்த பட்டத்துக்கு அதைத் தொடமாட்டார். அங்கே சான்றிதழைக் காட்டி சமாளிக்க முடியாது. ஒரு கல்லூரி வளாகத்தையும் இதே கண்ணோடு பார்க்கலாம். இந்த ஐப்பசியில் முதல் பெருமழை பெய்யும்போது, உங்கள் கல்லூரி மாடித் தண்ணீர் எந்தப் பக்கம் போகுதுன்னு ஒரு தடவை பின்னாடியே போய்ப் பாருங்க.